ஃப்ளை ரீல்: விலையும் வேலையும்

ஃப்ளை ஃபிஷிங் பழக வருகிறவர்களின் பட்ஜெட் பெரும்பாலும் ரீலில்தான் கவிழ்கிறது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருப்பது அதுதான். விலை ஏறினால் மீனும் பெரிதாக மாட்டும் என்று தோன்றவைப்பதும் அதுதான்.

நம்பிக்கை: நல்ல ரீல் இருந்தால் தூரமாக வீசலாம்.

உண்மை: வீச்சுக்கும் ரீலுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. சாதாரணத் தூண்டிலில் முனையில் உள்ள ஈயக்குண்டு பறக்கும்போது நரம்பைத் தன்னோடு இழுத்துப்போகும். அதனால் ரீல் தங்குதடையின்றி நரம்பை விடவேண்டும். ஃப்ளை ஃபிஷிங்கில் கதையே வேறு. இறகும் நூலும் வைத்துக் கட்டிய செயற்கைப் பூச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி கனம் கிடையாது. கனமெல்லாம் தடித்த லைனில்தான். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அந்தக் கனத்தைத்தான் ராட் வளைந்து எறிகிறது. தேவையான லைனை முன்கூட்டியே கையால் உருவி வைத்துக்கொண்டுதான் வீசுவோம். ரீல் அப்போது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். எனவே ரீலில் மிச்சம்பிடித்து நல்ல லைன் வாங்குங்கள். மட்டமான லைனை எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய ரீலாலும் காப்பாற்ற முடியாது.

நம்பிக்கை: டிராக் எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது.

உண்மை: மீன் பிய்த்துக்கொண்டு ஓடும்போது, லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலைப் பிடித்துவைக்கும் பிரேக்தான் டிராக். விளம்பரங்களில் அதன் உச்சபட்ச பலத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் டிரவுட்டுக்குப் பூச்சியைக் கட்டும் நுனி நரம்பான 5எக்ஸ் டிப்பெட் வெறும் 0.15 மில்லிமீட்டர் தடிமன். ஏறத்தாழ 2 கிலோ இழுவையில் அறுந்துவிடும். டிராக்கை அதில் கால்பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வைப்பார்கள். 8 கிலோ தாங்கும் டிராக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கவனிக்கவேண்டியது தொடக்கம். மீன் பாயும் முதல் நொடியில் டிராக் ஒரு கணம் சிக்கி, பிறகு இளகினால் டிப்பெட் அந்த இடத்திலேயே போய்விடும். கடையிலேயே டிராக்கை லேசாக இறுக்கி, லைனை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெடுக்கென்று கிளம்பினால், என்ன விலையானாலும் வேண்டாம்.

சின்ன மீனுக்கு டிராக்கே இல்லாத கிளிக் ரீல் போதும். ஸ்பூல் தறிகெட்டுச் சுற்றாமல் ஒரு பல் தட்டிக்கொண்டே இருக்கும். மிச்சத்தை ஸ்பூல் விளிம்பில் வைத்த உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் 1891இல் கொண்டுவந்த பெர்ஃபெக்ட் ரீல் இந்த வகைதான். நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட்டுக்கும் அந்தச் சிறிய ஓடைகளில் இதற்குமேல் தேவைப்படாது.

நம்பிக்கை: வார்ப்பு ரீல் மட்டம், கடைந்தெடுத்ததுதான் தரம்.

உண்மை: பாதி சரி. அலுமினியக் கட்டியிலிருந்து கணினி இயக்கும் எந்திரத்தில் கடைந்த ரீல் மெல்லியதாகவும் துல்லியமாகவும் இருக்கும். பாறையில் விழுந்தால் பெரும்பாலும் வளையும். வார்ப்பு ரீலோ உடையலாம். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் உடல் வேறு, வேலை செய்யும் உள்ளுறுப்பு வேறு. லாம்சன் நிறுவனத்தின் லிக்விட் முதலில் வந்தபோது வார்ப்பு ரீல்தான். அந்த நிறுவனத்தின் விலை கூடிய ரீல்களில் இருக்கும், தண்ணீர் புகாதபடி மூடிய கூம்பு வடிவ டிராக் அதிலும் இருந்தது. இப்படிப்பட்ட ரீலைத்தான் நான் மலிவு என்பேன். மற்றது வெறும் விலைக்குறைவு.

மலிவு ரீலில் வேறு இடத்தைத்தான் சந்தேகப்படவேண்டும். ஸ்பூலை அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய நரம்பு நுழையும் அளவு சந்து இருந்தால் மீன் மாட்டிய நேரத்தில்தான் அது தெரியவரும். கூடுதல் ஸ்பூல் கிடைக்குமா, என்ன விலை என்றும் கேளுங்கள்.

நம்பிக்கை: அப்படியானால் எங்கும் மலிவு ரீலே போதும்.

உண்மை: கடலுக்குப் போனால் கணக்குத் தலைகீழ். மிதமான போன்ஃபிஷ்கூட ஒரே ஓட்டத்தில் 100 கெஜம் உருவிக்கொண்டு போகும். அந்தமான் பக்கத்துப் பெரிய பாரையோ பவளப்பாறைக்குள் பாய்ந்து நரம்பை அறுக்கப் பார்க்கும். லைனுக்குப் பின்னால் பேக்கிங் எனப்படும் உபரி நரம்பு 200 கெஜம் கொள்ளும் அகலமான ஸ்பூல், சூடேறினாலும் பிடி மாறாத டிராக், உப்பு அரிக்காத ஆனோடைஸ் பூச்சு எல்லாம் இங்கே அத்தியாவசியம். ஃபுளோரிடாவின் டிபோர் ரீல்கள் கார்க் டிராக்கோடு பல நூறு டாலர் விலைக்குப் போவது அழகுக்காக அல்ல. கடல் ரீலுக்குக் காசு போதவில்லை என்றால் காத்திருந்து வாங்குங்கள். நடுத்தர விலையில் இரண்டுங்கெட்டான் ஒன்றை வாங்கிவிடாதீர்கள்.

எதை வாங்கினாலும் கடலில் பயன்படுத்திய அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஆயிரம் டாலர் ரீலுக்கும் இதில் விலக்கு இல்லை.