ஓர் எஞ்சின் நின்றால்?

கதவைக் கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள், அசையாது. விளிம்பில் தள்ளுங்கள், எளிதில் திறக்கும். விசையை, அச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். கதவைத் திறக்கும் இதுவே ஒரு விமானத்தைக் கவிழ்க்கவும் கூடும். இதை நான் கண்டது சிமுலேட்டரில், அதாவது விமான ஓட்டத்தைக் கணிப்பொறித் திரையில் போலச் செய்து காட்டும் அமைப்பில்.

நான் ஓட்டியது டக்ளஸ் டி.சி.-3 என்னும் பழைய பயணி விமானம். 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்த இது, 'டக்கோட்டா' என்ற பெயரில் நம் நாட்டு வானிலும் பல ஆண்டுகள் பறந்தது. இதற்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள் உண்டு.

சக்கரங்கள் தரையை விட்டதும், வேண்டுமென்றே இடது எஞ்சினை நிறுத்தினேன். வலது எஞ்சின் மட்டும் இழுத்ததால் விமானத்தின் மூக்கு இடப்புறம் திரும்பியது. உடனே வலது மிதியை அழுத்தினேன். வாலிலுள்ள சுக்கான் எதிர்த் திருப்புத்திறனைத் தந்தது, விமானம் நேரானது.

பிறகுதான் தவறு செய்தேன். உயரம் வேண்டுமென்று மூக்கை மேலே தூக்கினேன். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 140-க்கு இறங்கியது.

இங்கே ஒரு கணக்கு. சுக்கானின் மீது காற்று தரும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் 0.7 மடங்கானால் விசை 0.7 × 0.7 = 0.49 மடங்கு, அதாவது ஏறத்தாழப் பாதி. ஆனால் வலது எஞ்சினின் இழுவை குறையவில்லை! மிதியை முழுதும் அழுத்தியும் மூக்கு இடப்புறம் சுழன்றது. வேகமாக முன்னேறிய வலது இறக்கை மேலெழ, இடது இறக்கை சரிய, விமானம் கவிழ்ந்தது. மெய்யான விமானமாயின் உள்ளே இருந்தவர்களின் கதி என்ன?

மறுமுறை மூக்கைச் சற்றே தாழ்த்தி வேகத்தைக் காத்தேன். நின்றுபோன எஞ்சினின் விசிறித் தகடுகளை, அவற்றின் விளிம்பு காற்றை நோக்குமாறு திருப்பினேன்; காற்றுத் தடை குறைந்தது. விமானம் மெல்ல மெல்ல ஏறியது. ஆபத்தில் விமானியைக் காப்பது உயரத்தைவிட முதலில் வேகமே.

உங்களுக்கு ஒரு கேள்வி: எஞ்சின்களை விமானத்தின் உடலை ஒட்டியே வைத்தால் திருப்புத்திறன் குறையுமே, ஏன் அப்படி வைக்கவில்லை? சுழலும் விசிறியின் நீளத்தை எண்ணி விடை காணுங்கள்.