கொடி பிடித்த விஞ்ஞானிகள்

அன்புள்ள கயல்விழிக்கு,

"ஆராய்ச்சி தரமாக இருந்தால் பணம் தானாக வரும். விஞ்ஞானி எதற்குக் கொடி பிடிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். தானாக வராது, கயல். பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

1975இல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைன், கோலர் என்ற இருவர், ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அரசுப் பணத்தில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகம் அது. அவர்கள் மருந்து எதையும் தேடவில்லை. நம் உடல் இத்தனை விதமான ஆன்டிபாடிகளை எப்படி உண்டாக்குகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் அந்த வழியில் வந்த மருந்து. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1998இல். எந்த முதலாளி 23 ஆண்டுகள் பொறுத்திருப்பார்? மக்கள் வரிப்பணம்தான் பொறுத்திருக்கும்.

அந்தப் பணத்தில்தான் எண்பதுகளில் தாட்சர் அரசு கை வைத்தது. இத்தனைக்கும் தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர்! 1985 ஜனவரியில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரக்கூடாது என்று ஆக்ஸ்ஃபோர்டில் 738 பேர் வாக்களித்தார்கள். தரலாம் என்றவர்கள் 319 பேர். கோபம் தீர்ந்திருக்கும். ஆய்வகத்துக்கு அதனால் என்ன லாபம்?

உருப்படியான காரியம் அடுத்த ஆண்டு நடந்தது. இதயத் துடிப்பை ஆராய்ந்த டெனிஸ் நோபிள் போன்றோர் முன்னின்றார்கள். சுமார் 1,500 விஞ்ஞானிகள் கைக்காசு போட்டு, 'டைம்ஸ்' நாளிதழில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 'பிரிட்டிஷ் அறிவியலைக் காப்பாற்றுங்கள்' என்பது இயக்கத்தின் பெயர். 2005இல் பெயர் மாறினாலும், உறுப்பினர் சந்தாவில் அது இன்றும் நடக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2010. அறிவியல் நிதியில் வெட்டு விழும் என்று செப்டம்பரில் அமைச்சர் வின்ஸ் கேபிள் கோடிகாட்டினார். லண்டனில் செல் உயிரியல் ஆராய்ந்துகொண்டிருந்த ஜெனிஃபர் ரோன், தெருவில் இறங்குவோம் என்று ட்விட்டரில் எழுதினார். அக்டோபர் 9 அன்று நிதி அமைச்சகத்தின் வாசலில் சுமார் 2,000 பேர், பலர் வெள்ளைக் கோட்டுடனேயே வந்து நின்றார்கள். வெட்டு வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்திட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். உயிரியல்காரர் ஒரு பக்கம், இயற்பியல்காரர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போய்க் கேட்கவில்லை என்பதைக் கவனி. தனித்தனியாகப் போனால், ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரை வெட்டுவது நிதி அதிகாரிகளுக்குச் சுலபம். இன்னொன்று, முடிவு அச்சேறும் முன்பே போனார்கள். அறிவிப்புக்குப் பிறகு புலம்புவதுதான் நம்மவர்கள் வழக்கம்.

அக்டோபர் 20 அன்று அறிவிப்பு வந்தது. பல துறைகளில் ஆழமான வெட்டு. அறிவியலுக்கோ ஆண்டுக்கு 460 கோடி பவுண்டு, நான்கு ஆண்டுகளுக்குக் குறையாது என்றார்கள். மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு விலைவாசி உயர்வையும் ஈடுகட்டினார்கள். போராட்டம் ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். முழு வெற்றியும் இல்லை. மற்ற அறிவியல் துறைகளின் பணத்தை விலைவாசி அரித்தது, கட்டடம், கருவிகளுக்கான நிதி தனியே குறைந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதுவும் மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கொடி பிடிப்பது இருக்கட்டும், முதலில் ஒரு வேலை செய். உன் ஆராய்ச்சி எதைப் பற்றியது, அதற்கு ஊரார் பணம் ஏன் போகவேண்டும் என்று ஒரே பக்கத்தில், தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. புரியாத இடங்களைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா