நம் கையால் ஒரு மின் கித்தார்

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சுளையை உண்போம், கொட்டையைச் சுட்டுத் தின்போம், மரத்தைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. அந்தப் பலா மரத்தில்தான் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் வீணை செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு மரத்துண்டு இசைக்கருவி ஆவது மந்திரத்தால் அன்று, அளவாலும் பொறுமையாலும்தான்.

அந்த இரண்டையும் நாமும் கற்றுக்கொள்ள ஒரு நல்ல வழி உண்டு. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மின் கித்தாரை வாங்கி, நாமே பூட்டி, நாமே வண்ணம் தீட்டுவதே அது. இயற்பியல், கணிதம், ஓவியம், இசை ஆகிய நான்கு வகுப்புகளும் ஒரே மேசையில் கூடும் வேலை இது.

பாகங்களாக வருவது எப்படி?

மின் கித்தார் 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்னும் இருவர் கொண்டுவந்த அக்கருவி, வாணலி போன்ற வடிவம் உடையது. பின்னர் லியோ ஃபெண்டர் என்பவர் வந்தார். அவர் ரேடியோ பழுது பார்த்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர்! 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கித்தாரில் உடல் ஒரே கெட்டிப் பலகை. தண்டியைப் பசையால் ஒட்டாமல் 4 திருகாணிகளால் பூட்டினார். ஆகவே உடலைத் தனியாகவும் தண்டியைத் தனியாகவும் செய்ய முடிந்தது. இன்று ஒரு பள்ளி மாணவி பெட்டியைப் பிரித்துக் கித்தாரைப் பூட்ட முடிகிறதென்றால், அந்த 4 திருகாணிகளே காரணம்.

இது பெண்பிள்ளைகளுக்கு ஏற்ற வேலையா?

இக்கேள்வி நம் வீடுகளில் எழக்கூடும். வரலாறே விடை சொல்லட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையில் கித்தார்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்த அபிகேல் இபாரா என்னும் பெண்மணி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தார். அவர் கைபட்ட சுருள்களை இசைக் கலைஞர்கள் தேடி வாங்கினார்கள். பூத்தொடுக்கவும் கோலமிடவும் பழகிய விரல்களுக்கு இது அந்நிய வேலை அன்று.

ஒலி பிறக்கும் இடம்

வீணையில் கம்பியின் அதிர்வைக் குடம் பெருக்குகிறது. மின் கித்தாரில் குடம் இல்லை. கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்னும் உறுப்பு இருக்கிறது. அது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய செம்புக் கம்பியும் சேர்ந்தது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு செம்புச் சுருளில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்தப் பாடத்தை இங்கே காதால் கேட்கலாம். நைலான் கம்பி மாட்டினால் பிக்கப் வாய் திறக்காது, எஃகு வேண்டும்.

மின்சாரம் கலந்தால் நம் சங்கீதம் கெட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின் மாண்டலினில், இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பி ஒன்றும் சேர்த்து, கருநாடக சங்கீதத்தின் கமகங்களை வாசித்துக் காட்டினார்.

முதற்பாடம்: அளவு

பெட்டி வந்தவுடன் வண்ணத்தில் ஆசை வரும். அதைத் தள்ளி வையுங்கள். முதலில் எல்லாப் பாகங்களையும் வண்ணமின்றிப் பொருத்திப் பாருங்கள்.

தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சிறு கட்டையிலிருந்து குதிரை வரையுள்ள தூரம் பல கித்தார்களில் 648 மில்லிமீட்டர். மெட்டுகளின் இடம் கணக்கால் அமைகிறது: மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுக்க வேண்டும். முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் வரும். அடுத்தது, மீதமுள்ள 611.6-ஐ வகுக்க, மேலும் 34.3 மில்லிமீட்டர் தள்ளி வரும். இப்படியே போனால் 12-ஆம் மெட்டு மிகச் சரியாகப் பாதித் தூரத்தில், 324 மில்லிமீட்டரில், வந்து நிற்கும். அங்கே ஒலிப்பது மேல் ஸ்தாயி ஸட்ஜம்.

ஆகவே சோதனை எளிது. தலைக்கட்டையிலிருந்து 12-ஆம் மெட்டு வரை அளவுங்கள். அங்கிருந்து குதிரை வரையும் அதே அளவு இருக்க வேண்டும். தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். பிறகு பூத்தொடுக்கும் நூலை இரு ஓரக் கம்பிகளின் இடத்தில் தலையிலிருந்து குதிரை வரை இழுத்துக் கட்டுங்கள். இரு நூல்களும் தண்டியின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடினால் தண்டி நேராக உள்ளது. ஒரு நூல் விளிம்பை நெருங்கினால் இப்போதே திருத்துங்கள். வண்ணம் பூசிய பின் இதைத் திருத்துவது கடினம்.

இரண்டாம் பாடம்: வண்ணம்

உடலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் அது பச்சைப் பலகை. முத்தாக நின்றால் ஆலையிலேயே பூச்சு இட்டிருக்கிறார்கள். பூச்சு உள்ள பலகையில் மரச்சாயம் ஏறாது. மேல்வண்ணமே பூச வேண்டும்.

குழிகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் மர இழையின் திசையிலேயே தேயுங்கள். 120, 220, 320 என்று எண் ஏற ஏறத் தாள் நைசாகும். தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, காய்ந்தபின் வண்ணம் பூசுங்கள். கனமாக ஒரு பூச்சு வழியும். மெல்லியதாக நான்கு பூச்சு நிற்கும். தண்டி உட்காரும் பள்ளத்தில் மட்டும் வண்ணம் படாதபடி டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே பூச்சு ஏறினால் தண்டி சரியாக இறங்காது.

நம் மலைக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் பூச்சுக்குள் நீராவி சிக்கி, பால்போல வெளுத்துவிடும். மூடுபனி இறங்கும் காலையிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இவ்வேலை வேண்டாம். மழை ஓய்ந்த மாதங்களில், வெயில் ஏறிய பின், காற்றோட்டமான தாழ்வாரத்தில், மூக்கை மூடிக்கொண்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி நின்று பூசுங்கள். பிறகு காத்திருங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள் அன்று. விரல் நகம் பதிந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

மூன்றாம் பாடம்: இணைப்பு

பிக்கப்பிலிருந்து ஒலி அளவுக் குமிழுக்கும், அங்கிருந்து வெளித்துளைக்கும் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் அருகில் ஆசிரியையும் அவசியம். குதிரையிலிருந்து வரும் தரைக்கம்பியை மறந்துவிடாதீர்கள். அது விடுபட்டால் நம் 50 சுழற்சி மின்சாரத்தின் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து பாடும். கம்பிகளைப் பூட்டுவதற்கு முன், ஒலிபெருக்கியுடன் இணைத்து, பிக்கப்பின் மேல் இரும்புத் திருப்புளியால் மெல்லத் தட்டுங்கள். ‘டொக்’ என்று கேட்டால் உங்கள் பற்று நல்ல பற்று. ஒலிபெருக்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கலாம்.

நான்காம் பாடம்: சுருதி

கம்பிகளைச் சுருதி சேர்த்தபின், 12-ஆம் மெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தி நீளத்தைக் கூட்டுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அழகான வண்ணத்துக்குக் கீழே அளவு தவறியிருந்தால் இங்கேதான் அது வெளிப்படும். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

கடையில் செய்து முடித்த கித்தாரே கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். அதை வாங்கும் மகளுக்குக் கித்தார் கிடைக்கும். தானே செய்யும் மகளுக்கோ, தவறினால் திருத்தலாம் என்னும் தைரியமும் சேர்ந்து கிடைக்கும். முதல் கித்தாரில் ஒரு வழிந்த துளியாவது இருக்கும், இருக்கட்டும். “இதை நீயா செய்தாய்?” என்று நீங்கள் வியப்போடு கேட்கும் ஒரு கேள்வி, ஆண்டுவிழாவில் பெறும் பரிசுக்குக் குறைந்தது அன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தகுதியான பிற இசைக்கருவிகளையும் உரிய அனுமதியுடன் வழிபாட்டில் பயன்படுத்தலாம் என்றது. கருவியின் தகுதி அதன் விலையில் இல்லை. பாடுவோரின் குரலை மூழ்கடிக்காமல், சுருதி பிசகாமல், அடக்கமாக உடன்வருவதில் இருக்கிறது. நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பரின் பட்டறையிலும் முதலில் அளந்த பின்னரே மரத்தை அறுத்திருப்பார்கள். மாணவியரே, நாமும் முதலில் அளப்போம், பிறகு பூசுவோம், அதன்பின் பாடுவோம்.