தொங்கு கூடையில் இத்தாலிய மணிப்பூ

மலையூர்களில் வீட்டு முகப்பிலும் விடுதித் தாழ்வாரத்திலும் பூக்கூடைகளைத் தொங்கவிட விரும்புவோர் பலர். ஆதலின் நீலகிரி, பழனி மலைப் பகுதி அன்பர்கள், ஐரோப்பியர் போற்றும் படர் மணிப்பூச் செடியை வளர்த்து விற்கலாமா எனக் கருதக்கூடும். விதைக்கும் கூடைக்கும் பணம் செலவிடுமுன், குளிர்ச்சி மட்டும் இச்செடியைப் பூக்கச் செய்யாது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

காம்பனுலா ஐசோபில்லா என்னும் இச்செடியின் தாயகம், இத்தாலியின் வடமேற்கே கடலை நோக்கி நிற்கும் லிகூரியாவின் சுண்ணாம்புப் பாறைகளாகும். பாறை வெடிப்பில் வேரூன்றித் தண்டுகளைக் கீழே தொங்கவிட்டு வாழ்வது அதன் இயல்பு. கூடை அதற்குப் புதிய இடமன்று. மெல்லிய தண்டு ஓரடி வரை தொங்கும். ஒடித்தால் பால் வடியும். மணிப்பூ என்பது பெயரளவே. மலர் ஐந்து முனையுடைய விண்மீன் போல் விரியும். இளநீலமும் வெண்மையும் உண்டு. உறைபனியைத் தாங்காது.

வேரில் நீர் தேங்கலாகாது. செம்மண், நன்கு மக்கிய இலையுரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து கொள்ளலாம். நீலகிரி மண் புளிப்புத் தன்மையுடையது. இதுவோ சுண்ணாம்பு நிலத்துச் செடி. ஆகவே கூடைக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சல் தூள் சேர்ப்பது நன்று. கூடையின் உட்புறம் தென்னை நார் பரப்பி, பத்தங்குலக் கூடைக்கு நான்கு செடிகள் நடலாம். விதை தூசி போன்றது; மண்ணின்மேல் தூவினாற் போதும், மூடவேண்டா. மொட்டில்லாத இரண்டங்குல நுனித் தண்டுகளை மணலில் ஊன்றியும் பயிராக்கலாம். காற்றில் ஆடும் கூடை விரைவில் உலரும். விரலால் தொட்டுப் பார்த்தே நீர் விடுக. வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் பூக்கும் காலம் நீளும்.

இனி முக்கியமான செய்தி. பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்திற்கு மேல் நீண்டாலன்றி இச்செடி மொட்டு விடுவதில்லை. லிகூரியாவில் ஜூன் மாதப் பகல் 15 மணியைத் தாண்டுகிறது. உதகையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டுவதில்லை. எனவே தழை செழித்து வளரும், பூ வாராது. உரம் போதவில்லை என்றெண்ணி மேலும் உரமிடுவது வீண் செலவு. சாமந்தி இதற்கு நேர்மாறானது. பசுமைக் குடிலில் அதன் மொட்டைத் தள்ளிப்போட இரவில் விளக்கேற்றுவர். அதே விளக்கு இங்கே மொட்டை வரவழைக்கும். பொழுது சாய்ந்தது முதல் இரவு 10 மணி வரை, மொட்டுகள் தெளிவாகத் தோன்றும் வரை, நாள்தோறும் ஏற்றுதல் வேண்டும். வலிய ஒளி தேவையில்லை. மங்கிய ஒளியே போதும்.

முதலாண்டில் பத்துக் கூடைகள் போதும். ஐந்தை விளக்கின்கீழும் ஐந்தை வெளியிலும் வைத்துப் பார்த்து, மின்கட்டணத்தையும் கூட்டிக் கணக்கிட்ட பின்னரே விற்பனைக்கு வளர்க்கலாம்.