எமது மலரை நாமே அச்சுக்கோப்போம்

யாழ்ப்பாணத்துக்கு அச்சுக்கோப்பு புதிய தொழில் அன்று. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அன்று ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்கினர். இன்று அதைக் கணினி செய்கிறது. ஆனால், இவ்வருட மலரின் கோப்பு இருபது வருடங்களின் பின்னும் வாசிக்கக்கூடியதாக இருக்குமா?

எமது பகுதியில் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்தோம். அதில் 'அம்மா' என்று எழுதினால், கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஆங்கிலக் குறிகளையே. பாமினி இல்லாத கணினியில் அம்மா மறைந்து அக்குறிகளே தெரியும். யுனிகோட்டில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி இலக்கங்கள் உண்டு. எழுத்துரு மாறினாலும் 'அ' என்பது 'அ'வாகவே இருக்கும்.

யுனிகோட்டில் எழுதியதை அழகாக அச்சுக்கோக்க உதவுவது 'டெக்' மென்பொருள். தமது நூலின் அச்சுப்படி மனதுக்குப் பிடிக்காமற் போனதால், 1977இல் பேராசிரியர் டொனால்ட் க்னூத் இதை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ஜொனதன் கியூ அமைத்த 'சீடெக்' யுனிகோட்டை நேரடியாக வாசிக்கும். தமிழ்க் கட்டுரையின் நடுவே திருக்குர்ஆன் வசனம் வந்தால், அதை வலமிருந்து இடமாகவும் அச்சுக்கோக்கலாம். இவை இலவசம்.

இதனை டெபியன் அல்லது உபுண்டு பணிசெயல் முறைமையில் நிறுவுவது எளிது. அங்கே மென்பொருள்கள் 'பொதி'களாக வருகின்றன. ஒரு பொதியில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று, மென்பொருளின் கோப்புகள், மற்றையது, அது இயங்க வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்ற விபரம். கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டு போன்றது அது. 'ஆப்ட்' என்னும் கட்டளை அத்துண்டை வாசித்து, தேவையான அனைத்தையும் தானே எடுத்துவந்து ஒழுங்காக நிறுவும்.

முதலில் 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துப் பொதிகளின் பட்டியலைப் புதுப்பியுங்கள். பின்னர் 'ஆப்ட் இன்ஸ்டோல்' கொடுத்து 'டெக்லைவ்' தொகுப்பின் சீடெக் பொதியையும், 'லோகித்' தமிழ் எழுத்துருவையும், 'அமீரி' அரபு எழுத்துருவையும் நிறுவுங்கள். இவற்றுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். பொதியின் பெயர் சரியாக நினைவில்லையெனில் 'ஆப்ட் சேர்ச்' தேடித்தரும். முழு டெக்லைவும் பல கிகாபைற் அளவுடையது. டேட்டா போட்டுப் பாவிக்கும் வீடுகளில் தேவையானதை மட்டும் எடுப்பதே நல்லது.

கோப்புகளைக் கையால் பிரதிசெய்து வைப்பவர்கள், 'கோப்பு இல்லை' என்ற பிழையைக் கண்டு திகைப்பதுண்டு. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற அட்டவணையை டெக் வைத்திருக்கிறது; அதில் பதியாததை அது பெரும்பாலும் தேடிப்பார்க்காது. பொதியாக நிறுவும்போது அந்த அட்டவணையும் தானாகவே புதுப்பிக்கப்படும்.

இன்னொரு கவனம். ஆவணத்தின் தொடக்கத்தில் எழுத்துருவைக் குறிப்பிடும்போது வரிவடிவம் தமிழ் என்றும் அறிவிக்க வேண்டும். மறந்தால் 'கெ' என்பதிலுள்ள கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தகங்களைக் காவிச்செல்ல வழியிருக்கவில்லை. பிரதி ஒன்றே இருந்தால் அது போனால் போனதுதான். யுனிகோட்டில் எழுதிய ஒரு மலரின் எழுத்துகள் முழுவதும் சிறியதொரு கோப்பில் அடங்கும். கல்லூரியில் ஒன்று, புத்தளத்து உறவினரிடம் ஒன்று, 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஒன்று என வைக்கலாம். பெற்றோரே, வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். இவ்வேலையைப் பழக அது போதும்.