ஆட்டின் தீனியும் குணமும்

ஆடு வேலியைத் தாண்டுகிறது, தறிக்கருகே வந்து பாவு நூலைக் கடிக்கிறது என்று அங்கத்தினர் பலர் குறைப்படுவதுண்டு. இவற்றை ஆட்டின் பிறவிக் குணமென்று தள்ளிவிடலாகாது. பெரும்பாலும் இவை தீனியின் அளவு தவறியதற்கு அடையாளங்களேயாம்.

இருபத்தைந்து கிலோ எடையுள்ள வெள்ளாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ உலர்தீனி வேண்டும். பசுந்தழையில் முக்காற்பங்கு நீரே. ஆகையால் அகத்தி, வேலிமசால் போன்ற தழை 3.5 கிலோவும், அடர்தீவனம் 200 கிராமும் கொடுத்தால் இக்கணக்கு நேராகும்.

தீனி குறையும்போது முதலில் மாறுவது நடத்தை. ஆடுகள் ஓயாது கத்தும்; தொட்டியில் ஒன்றையொன்று முட்டும். கொம்புள்ள வலிய ஆடு தின்ன, இளைத்தது ஒதுங்கி நிற்கும். மந்தைக்குப் போதுமான தீனி வைத்தும் சில ஆடுகள் மெலிவது இதனாலேதான். ஆடு ஒன்றுக்கு 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை தொட்டியில் இடம் விடவேண்டும். மண்ணையும் துணியையும் தின்னும் ஆட்டுக்குத் தாது உப்புக் குறைவும் இருக்கலாம். பட்டினி முற்றினாலோ ஆடு சாதுவாகிவிடும்! மயிர் சிலிர்த்து ஒதுங்கி நிற்கும் அந்த அமைதியை நற்குணமென்று மகிழ்வோர் ஏமாறுவர்.

சினையாட்டின் பட்டினி இன்னும் கொடியது. சினைக்காலம் சுமார் 150 நாட்கள். கடைசி ஆறு வாரங்களிலேதான் குட்டி பெரும்பகுதி வளர்கிறது. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அப்போது தீனி போதாவிடில், அது தன் கொழுப்பையே கரைத்து நஞ்சாக்கிக்கொள்ளும். தீனி மறுத்தல், தள்ளாடுதல், சுவரில் தலையை முட்டி நிற்றல் இதன் குறிகள். உடனே மருத்துவரை அழைக்கவேண்டும்.

வெள்ளாடு நிமிர்ந்து தழை கடிக்கும் இயல்புடையது. நம் பகுதிக்குரிய சென்னைச் சிவப்புச் செம்மறியோ குனிந்து புல் மேய்வது. மாமல்லபுரக் கரையோரத்தில் கோடையில் தழை அற்றுப்போனால், வெள்ளாடு வேலிக்கருவைக் காய்களைப் பொறுக்கித் தின்னும். மழைக்காலத்தில் தழையின்றி ஈரப்புல்லை அடிவரை மேய நேர்ந்தால், குடற்புழுவும் உடன் உள்ளே செல்லும். தழையைக் கட்டித் தொங்கவிட்டால் இதனைத் தவிர்க்கலாம்.

மிகுதியும் கேடே. கலியாண வீட்டுச் சோறு, நொய், பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி ஆகியவற்றை ஒரேயடியாக வைத்தால் இரைப்பையில் புளிப்பு மிகுந்து, வயிறு உப்பி, பற்களை நெரித்து, கழிந்து, ஓரிரு நாளில் ஆடு மாண்டுபோகும். அன்பினால் வைத்த சோறே எமனாகிறது. விற்பனைக்கென்று கிடாய்க்குத் தவிட்டை அளவின்றிக் கொடுத்தால் சிறுநீர்க்கல் அடைத்துக்கொள்வதுண்டு. காயடித்த கிடாய்க்கு இவ்வபாயம் அதிகம்.

வடகிழக்குப் பருவமழையில் துளிர்க்கும் புதுப்புல்லை வயிறார மேய்ந்த கொழுத்த குட்டிகள், துள்ளி விழுந்து சில மணி நேரத்தில் இறப்பதைக் காண்கிறோம். இதுவே துள்ளுமாரி. மெலிந்த குட்டியை விட்டுச் செழித்த குட்டியையே இது முதலில் கொள்ளும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுதல் வேண்டும். மழை விட்டபின் சில நாட்கள், உலர்ந்த வேர்க்கடலைக் கொடியைத் தின்னக் கொடுத்த பின்னரே மேய்ச்சலுக்கு ஓட்டுக. எந்தத் தீனியையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுக.

ஐயமுள்ளோர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ, 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டறியலாம்.