நோகாத கால்

தங்கச்சி, மச்சானுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக் கொப்பி போட்டுவிட்டார்கள் என்று போனில் அழுதாய். அழுகிறதை விடு. 2005, 2006இல் இலங்கையில் எடுத்த கணக்கில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்குத்தான் சீனி இருந்தது. 2018, 2019இல் எடுத்த கணக்கில் அது நாலுக்கு ஒருவருக்குக் கிட்ட வந்துவிட்டது. உன் ஒழுங்கையிலேயே எத்தனை வீட்டில் கொப்பி இருக்கிறது என்று எண்ணிப் பார். சோற்றைக் குறை, தயிருக்குப் பாணி விடாதே என்று சொல்ல ஊரே வரும். (கித்துள் பாணி சீனி இல்லை என்று சொல்பவரை மட்டும் நம்பாதே. அதுவும் சீனிதான்.) நான் சொல்ல வந்தது காலைப் பற்றி.

அப்பாவின் சீனிக் கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது சின்னப்பிள்ளை. ஒரு நாள் வயல் வட்டையால் வந்து திண்ணையில் இருந்தார். அவர் நடந்து வந்த சீமெந்துத் தரையில் பெருவிரல் பட்ட இடமெல்லாம் சிவப்புப் பொட்டு. பாட்டாச் செருப்பைக் கழற்றினால், அடியால் ஏறின தகர ஆணி ஒன்று. விடியப் போட்ட பாட்டா, பொழுதுபடும் வரைக்கும் அந்த ஆணியோடுதான் நடந்திருக்கிறார். "ஒண்டும் நோகல்ல மனே" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா கோப்பித்தூளை அப்பித் துணியால் கட்டிவிட்டா. பத்தாம் நாள் மணக்கத் தொடங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி. ரெண்டு விரல் போனது.

நோகாததுதான் வருத்தமே. வருடக்கணக்காய்ச் சீனி கூடி நின்றால் நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும். பாதத்துக்குப் போகிற நரம்பை விட நீளமானது உடம்பில் இல்லை, அதனால் விறைப்பு விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். இரத்தக் குழாயும் ஒடுங்குவதால் புண் ஆறத் தேவையான இரத்தம் அங்கே போய்ச் சேராது.

அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சானின் காலை நீ பார். அவர் வெட்கப்படுவார், பரவாயில்லை. டோர்ச் பிடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றாய் விரித்துப் பார். அவர் உள்ளங்காலைத் தானே பார்க்க, முகம் வழிக்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்தால் போதும். கழுவின காலைப் பழைய சாரத்துண்டால் இடுக்கு வரை ஒற்றி எடு. குதி வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், இடுக்கில் பூசாதே, அங்கே ஈரம் நின்று சீழ் வைக்கும். சுடுதண்ணீரைக் காலால் பார்க்க விடாதே, முழங்கையால் பார். காலாணியை பிளேட்டால் சீவுகிற வேலை வீட்டில் வேண்டாம். செருப்பை ஒவ்வொரு முறையும் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும். அப்பாவின் ஆணிக்கு அந்த ஒரு தடவல் போதுமாயிருந்தது.

மச்சான் வலையோடு ஆற்றில் இறங்குகிறவர். மட்டி ஓடு, கெழுத்தி முள், இறால் கொம்பு, எது கீறினாலும் அவருக்குத் தெரியாது. அந்த ஆற்றைப் போன்ற இளஞ்சூடான உவர்த்தண்ணியில் விப்ரியோ வகைக் கிருமிகள் வாழும். அவற்றில் சில கீறலுக்குள் போனால் ஒரே நாளில் கால் வீங்கிக் கறுக்கலாம், சீனிக்காரருக்கு அந்த ஆபத்து கூட. பழைய கன்வஸ் சப்பாத்தோடு இறங்கச் சொல். கீறினால் நல்ல தண்ணியும் சவர்க்காரமும், சுத்தமான துணிக்கட்டும், அன்றைக்கே வைத்தியரும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எல்லாம் குசினியோடு நிற்கட்டும்.

மாரியில் வட்டைச் சேற்றுக்குப் பூட்ஸ் இல்லாமல் விடவே விடாதே. மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய், மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற கிருமியால் வருவது. யாருக்கும் வரலாம் என்றாலும் அது தேடிப் பிடிக்கிறது சீனிக்காரரைத்தான். இலங்கையில் 1927இலேயே ஒருவருக்கு வந்ததாகப் பதிவு உண்டு, மட்டக்களப்பிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நிமோனியா போலவும் காசம் போலவும் வேஷம் போடும், கண்ட கண்ட குளிசைக்கு அடங்காது. ஊசி மருந்தே குறைந்தது ரெண்டு கிழமை, பிறகு மாதக்கணக்கில் குளிசை. ஆகவே காய்ச்சல் விடாமல் காய்ந்தால் வைத்தியரிடம் முதல் வசனமாக "சீனி இருக்கு, வட்டையில் வேலை செய்கிறவர்" என்று சொல். அந்த ரெண்டும் ஒன்றாய்க் காதில் விழுந்தால்தான் அவருக்கு இந்த நோயின் நினைவு வரும்.

கொக்கட்டிச்சோலைத் தேர் என்றாலும் அம்மாளின் வைகாசிச் சடங்கு என்றாலும் மத்தியான மணலில் வெறுங்காலோடு நின்றால் கொப்புளம் போடும், வீட்டுக்கு வந்துதான் தெரியும். விடியவே போய் வாருங்கள். இல்லையென்றால் காலுறையோடு நிற்கட்டும், அம்மாள் கோவிக்கமாட்டா.

கண்ணும் சிறுநீரகமும் இப்படித்தான், சத்தம் போடாமல் பழுதாகும். பார்வை நன்றாயிருக்கும்போதே வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாரடைப்புக்கூடச் சீனிக்காரருக்கு நெஞ்சு நோகாமல் வரலாம். திடீரென்று வியர்த்து மூச்சு வாங்கினால் வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருக்காதே, வாகனத்தைப் பிடி.

கிளினிக்குக்கு முதல் ரெண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுகிற கெட்டித்தனம் நம் ஆட்களுக்கு உண்டு. வெறுவயிற்று இரத்தம் அதில் ஏமாறும், மூன்று மாதக் கணக்குச் சொல்லும் எச்பிஏ1சி ஏமாறாது. அதைக் கேட்டு எடுப்பியுங்கள். அநேகருக்கு 7 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். கிளினிக்கில் வரிசை நீளம், வைத்தியருக்கு நேரம் இல்லை. கேட்காவிட்டாலும் மச்சான் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டட்டும்.